பதினான்காவது நிமிடத்தில் முடிந்த பாடம்

ஜனவரி 20, திங்கள்

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் மின்பணிப் பட்டறைக் கூரை, என் அறிவின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. செண்பகம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கூரை இடியவில்லை, மூலையில் இரண்டு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது, அவ்வளவுதான் என்கிறாள். வரலாற்றை அவள் எழுதட்டும். நாட்குறிப்பை நான் எழுதுகிறேன்.

யாருக்கும் காயமில்லை. பொறியாளர் வந்தார், கம்பால் இரண்டு தட்டுத் தட்டினார், ஆறு வாரத்துக்கு உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"சிங்கராஜ் சார், வயரிங் பாடத்தை ஆன்லைன்ல எடுத்துருங்க. உங்க அக்கா மக பாத்துக்கிடும்."

அக்கா மகள் என்றால் செண்பகம். அதே நிலையத்தில் கணினி ஆசிரியை. முறைப்படி என்னை மாமா என்று கூப்பிடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். ஆனால் அவளைப் பார்த்துப் பார்த்து வாட்ச்மேன் வரைக்கும் மாமா என்கிறார்கள். மாவட்டத்துக்கே மாமாவாகிவிட்டேன், இனி மாநிலம்தான் பாக்கி.

"மாமா, கிளாஸ்ல எடுக்குற மாதிரியே போன் முன்னாடி நின்னு எடுத்தா ஆகாது. மாத்தணும்."

"என்னத்த மாத்த? கரண்டு அதே கரண்டுதான."

"கரண்டு அதேதான். ஆளுக மூஞ்சி தெரியாதுல்ல."

என் முறை உலகறிந்தது. குறைந்தபட்சம் சாத்தூர் பஸ் நிலையம் வரைக்கும் அறிந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்புப் போடுவேன். அதற்குப் பொறி என்று பெயர். போட்டுவிட்டு முகங்களைப் பார்ப்பேன். எங்கோ ஒரு நெற்றி சுருங்கும். சுருங்கும் வரைக்கும் அடுத்த வரிக்குப் போகமாட்டேன். தப்பைப் பிடித்தவருக்குக் கால் கிலோ காராச்சேவு. இருபத்தாறு வருடத்தில் நான் கொடுத்த காராச்சேவை மொத்தமாகக் கொட்டினால் வைப்பாறு அடைபட்டுப்போகும்.

ஜனவரி 21, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களும் இருப்பதால் அந்த நேரம். முப்பத்தெட்டு மாணவர்கள், முப்பத்தெட்டு கறுப்புக் கட்டங்கள். கேமராவைத் திறந்தால் நெட் தீர்ந்துவிடுமாம். அமாவாசை வானத்தைப் பார்த்துப் பாடம் நடத்தின முதல் மனிதன் நான்தான்.

செண்பகம் மூன்று கட்டளை போட்டிருக்கிறாள். சின்னச் சின்னத் துண்டாக எடுக்க வேண்டும். பெயர் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் அவர்கள் எழுதுவதை அடிக்கடி பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் யோசிக்கிறேன் என்றேன். மூன்றாவது நடக்காது. பேசிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் எழுத்து எழுத்தாக வந்து குதிக்கிறது. கரும்பலகையில் ஈ உட்கார்ந்தால் விரட்டமாட்டோமா? அந்தக் கட்டத்தை மூடிவிட்டேன்.

மைக்கில் பேசினது ஒரே ஒருவர்தான், வேலுத்தாய். எங்கள் வகுப்பிலேயே மூத்த மாணவி, முப்பத்தாறு வயது. பகலில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. பின்னால் மிக்சி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே கத்திக் கேட்டார்.

"சார், வேப்பங்குறிச்சியில புது வீடு முடியப் போகுது. மூணாந் தேதி பால் காய்ச்சுறோம். வயரிங்க நானே போட்டுரவா?"

"தாராளமாப் போடுங்க. நான் சொல்லித்தாறபடி போட்டீகன்னா கரண்டாபீஸ்காரனே வந்து உங்ககிட்ட நோட்டு வாங்கிட்டுப் போவான்" என்றேன்.

இனிமேல் சத்தம் தொந்தரவாக இருக்கும், கேட்கவேண்டியதை எழுதிப் போடுகிறேன் என்றார். சரி என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

இன்று பொறி வைத்தேன். என்னிடம் உள்ள பொறிகளிலேயே பட்டத்து யானை இது.

விளக்குக்கு இரண்டு கம்பி போகும். கரண்டைக் கொண்டுவருவது பேஸ். அது திரும்பிப் போகும் வழி நியூட்ரல். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அணைத்ததும் கரண்டு சுவிட்சோடு நின்றுவிடும். நான் நியூட்ரலில் வைத்து வரைந்தேன். இதில் உள்ள விஷமம் என்னவென்றால், விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. ஆனால் அணைத்த பிறகும் கரண்டு ஹோல்டர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். பல்பு மாற்றக் கை வைத்தவன் கதை அத்தோடு முடிந்தது.

பட்டறையில் இந்தப் பொறி இரண்டு நிமிடம் தாங்காது. இன்று வரைந்துவிட்டு, "சரிதான?" என்றேன். பதில் இல்லை. "நல்லாப் பாருங்க" என்றேன். இல்லை. கரும்பலகைக்கு முன்னால் இரண்டு நிமிடம் சிலை மாதிரி நின்றேன். ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு ஏறின சூட்டில் ஒரு தெருவுக்கே சோறு வடித்திருக்கலாம்.

பிறகு முறைப்படி தப்பை உடைத்துக் காட்டி, திருத்தம் சொல்லி, வகுப்பை முடித்தேன். இணையமும் சரியில்லை. கொஞ்சம் முன்னதாகவே முடிந்தது.

ஜனவரி 24, வெள்ளி

ரேஷனில் பருப்பு வரவில்லை. தண்ணீர் மோட்டாரை நானே கழற்றி மாட்டினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ஃபியூஸ் பாடம். பொறி வைக்கவில்லை. மனம் வரவில்லை, விடுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வேலுத்தாய் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெயிண்ட் அடிக்காத சுவரில் புது சுவிட்ச் போர்டு, பக்கத்தில் பல்பு எரிகிறது. "அஞ்சு பாயிண்ட் முடிச்சிட்டேன் சார். நாலு பாக்கி. கட்டுமானத்துக்கு வாங்குன தற்காலிக லைன்லயே போட்டுப் பாத்துட்டேன், எரியுது." பதிலுக்கு நான் கிரீடம் வைத்த சிங்கத்தின் படம் அனுப்பினேன்.

படத்தில் வயர் தெரியவில்லை. எல்லாம் குழாய்க்குள் போய்விட்டது.

பிப்ரவரி 1, சனி

சாயங்காலம் செண்பகம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மாமா, அஞ்சு கேள்வி வச்சுச் சின்னதா ஒரு பரீட்சை போட்டேன். முப்பத்தி நாலு பேர் எழுதிருக்காங்க. சுவிட்ச் எந்தக் கம்பியில வரணும்னு ஒரு கேள்வி."

"பேஸ்ல."

"இருபத்தொம்பது பேர் நியூட்ரல்னு போட்டிருக்காங்க."

கீரையை ஆய்வதை நான் நிறுத்தவில்லை. "பாதியிலயே ஓடியிருப்பானுக. கடைசியில திருத்தம் சொன்னேனே, அதைக் கேட்டிருக்கமாட்டானுக."

"குரூப்ல போட்ட வீடியோ இருக்கு. பாத்துருவமா?"

"நான் நடத்துன வகுப்ப நானே உக்காந்து பாக்கணுமாக்கும். போயி வேலையப் பாரு."

அவள் போகவில்லை. தப்பாக எழுதினவர்களின் பெயர்களை வாசித்தாள். மூன்றாவது பெயர் வேலுத்தாய்.

வேலுத்தாய் கெட்டிக்காரர். பரீட்சையில் கை தவறியிருக்கும். வீட்டில் சரியாகத்தான் போட்டிருப்பார். இருந்தாலும் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எட்டு மணி வரைக்கும் ஆறு தடவை செய்தேன். செய்தி அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

கீரைக் குழம்பு இறங்கவில்லை. உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை ஆறு மணியிலிருந்து இருபத்தொன்பது பேருக்கும் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழம சார் இன்னிக்கு" என்று ஒருவன் அழாத குறையாகச் சொன்னான். யாராவது எங்கேயாவது வயரைத் தொட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். இருபத்தெட்டுப் பேர் தொடவில்லை. இருபத்தொன்பதாவது போன் அணைந்தே கிடந்தது.

எட்டரைக்குச் செண்பகம் என்னைக் கேட்காமலே வீடியோவை ஓட்டினாள். நான் வரைகிறேன். சரிதான என்கிறேன். சிலையாக நிற்கிறேன். பதினான்காவது நிமிடத்தில் சாக்கட்டியைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு, "இன்னைக்கு இது போதும்" என்கிறேன். திரை இருட்டாகிறது.

திருத்தம் இல்லை. இணையம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

சொன்னதாகவே சத்தியமாக நம்பியிருந்தேன் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அது பொய். கோபித்துக்கொண்டு எழுந்து போனது அன்றைக்கே எனக்குத் தெரியும். அடுத்த வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வகுப்பில் அதைத் தொட வெட்கமாக இருந்தது.

"வேப்பங்குறிச்சி எவ்வளவு தூரம்?" என்றாள் செண்பகம்.

"பதினேழு கிலோமீட்டர்."

அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கேயோ விழுந்துவிட்டேனோ என்று அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

புது வீடு தெரு முனையிலேயே தெரிந்தது. வாசலில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் பெயிண்ட் வாசனை. இரும்பு ஸ்டூல் மேல் செருப்பில்லாமல் ஓர் ஆள் நின்றான். வேலுத்தாயின் தம்பி கொம்பையா என்று பிறகு தெரிந்தது. கழற்றின பல்பு அவன் சட்டைப் பையில் இருந்தது. இடது உள்ளங்கையை ஈரச் சுவரில் ஊன்றியிருந்தான். ஹோல்டரையும் கழற்றி அந்த இடத்தில் பெயிண்ட் அடிப்பதற்காக வலது கையை அதை நோக்கித் தூக்கியிருந்தான். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த வேலுத்தாய், "சுவிட்ச அணைச்சுட்டேன், தைரியமாக் கழட்டு" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் நான் எதையும் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்ததில்லை.

"இறங்கு" என்றேன்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. "யாருய்யா நீரு?"

"கைய மடக்கு. எதையும் தொடாத. இறங்கு."

என் குரலில் என்ன இருந்ததோ, இறங்கிவிட்டான். ரப்பர் செருப்போடு நான் ஏறி ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது. டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

"மெயின ஆஃப் பண்ணுங்க" என்றேன். செண்பகம் ஓடிப்போய் அணைத்தாள்.

வேலுத்தாய் டெஸ்டரைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். தம்பியின் ஈரக் கையைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டேன்ல சார்."

"எப்ப கேட்டீக?"

"அன்னிக்கே. நீங்க படம் போட்டதும் எழுதுனேன். அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்டு நிக்காதா சார்னு. நீங்க வாயே தொறக்கல. நேரா நின்னு பாத்துக்கிட்டே இருந்தீக. அப்புறம் இது போதும்னு போயிட்டீக. நாந்தான் கூறுகெட்டதனமாக் கேட்டுப்புட்டேன்னு நெனச்சேன்."

செண்பகம் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். ஆறு பன்னிரண்டுக்கு வேலுத்தாய் எழுதியிருக்கிறார். ஆறு பதினாலுக்கு நான் எழுந்து போயிருக்கிறேன். யாராவது வாயைத் திறக்கமாட்டார்களா என்று நான் சிலையாக நின்ற அந்த இரண்டு நிமிடமும், பதில் என் கண் முன்னால் நான் மூடிவைத்த கட்டத்துக்குள் கிடந்திருக்கிறது.

"அது தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன்" என்றேன்.

"தெரிஞ்சேவா?" என்றான் கொம்பையா.

"யாராச்சும் பிடிப்பாகளான்னு பாக்க."

"அதான் அக்கா பிடிச்சிருக்கால்ல."

திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது பாயிண்டும் நியூட்ரலில்தான் இருந்தன. படத்தில் நான் போட்டபடி, அச்சுப் பிசகாமல். இவ்வளவு நேர்த்தியான வேலையை என் மாணவர்களில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. நான் சட்டைக் கையை மடித்தேன்.

"நீங்க கை வைக்காதீக சார்" என்றார் வேலுத்தாய். "நானே கழட்டி நானே போடுதேன். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் வந்து பாத்துச் சொல்லுங்க. சரின்னு மட்டும் சொல்லாதீக. எதனால சரின்னு சொல்லுங்க."

நாலு மணிக்கு முடிந்தது. ஒன்பது தடவை எதனால் என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் திருப்பிச் சொன்னார். மத்தியானம் தக்காளிச் சோறு போட்டார்கள். கொம்பையா எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். பல்பு இன்னும் சட்டைப் பையிலேயே இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

வேப்பங்குறிச்சியில் பால் பொங்கியது. அழைத்திருந்தார், போனேன். போன கையோடு ஒன்பது ஹோல்டரிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் என்னைக் கரண்டாபீஸ்காரர் என்று நினைத்து ஒரு லட்டு கூடுதலாக வைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

முதல்வரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டார். நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிச்சப் பக்கம் எங்க சார்?" என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வகுப்பு. செண்பகத்தின் மூன்று கட்டளையும் அமலுக்கு வந்தன. ஓரக் கட்டம் திறந்தே இருந்தது. நான் சொல்லும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவதையெல்லாம் வாசித்தாள். முகம் தெரியாததற்கு நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு படம் வரைந்தால், அவர்களும் நோட்டில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். முப்பத்தெட்டும் வந்து சேரும் வரைக்கும் அடுத்த வரி கிடையாது.

முதலில் நடந்ததைச் சொன்னேன். தப்பு வேண்டுமென்றே போட்டது. திருத்தாமல் போனது கோபத்தில். கண்டுபிடித்தவர் வேலுத்தாய். அவர் கேள்வியை நான் படிக்கவில்லை. அதனால் ஒருவன் சாகப் பார்த்தான். பழைய வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம்.

அதன் பிறகு பாடத்தை ஆரம்பித்தால் நகரவில்லை.

"பேஸ் கம்பி சிவப்பு" என்றேன்.

"இது நெசமா சார், பொறியா?" என்று ஒருவன் எழுதினான்.

"நெசம்."

"நியூட்ரல் கறுப்புன்னு போட்டிருக்கீங்க. அதுவும் நெசமா?"

"நெசம்."

"போன தடவையும் சரிதானன்னுதான் சார் கேட்டீங்க."

நாலு நிமிடப் பாடத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஐம்பத்திரண்டு கேள்வி. இந்திரன் சபையில்கூட இத்தனை விசாரணை நடந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் எதனால் என்று சொன்னேன். அவர்கள் நம்பாமல் கேட்டது சரிதான் என்பதால் குறைப்பட்டுக்கொள்ளவும் வழியில்லை.

முடிக்கும் நேரத்தில் ஒருவன் எழுதினான். "சார், அந்த வீடியோவ டவுன்லோட் பண்ணி எங்க மச்சானுக்கு அனுப்பிட்டேன். அவரு கொத்தனாரு."

செண்பகம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்தது வந்தது. "நானும் எங்க ஊர் குரூப்ல போட்டேன்." அடுத்தது. அடுத்தது. நன்றாக இருந்ததாம். மாமா பிரமாதமாகப் பேசுகிறார் என்று பெருமையாக அனுப்பினார்களாம்.

பார்த்தவர்களில் வயரிங் வேலையில் கை வைக்கக்கூடியவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டோம். இருபத்துமூன்று பேர்.

பிப்ரவரி 5, புதன்

பதினான்கு பேர் பேசினார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். மாற்றச் சொன்னேன். மாற்றியதைப் போட்டோவில் பார்த்த பிறகுதான் அடுத்த நம்பருக்குப் போனேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எட்டுப் பேர். ஒருவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அன்னிக்கே தெரியும் சார், நீங்க உளறுறீகன்னு" என்றார். அவருக்குக் காராச்சேவு அனுப்ப முகவரி வாங்கியிருக்கிறேன்.

மிச்சம் ஒன்று. வேலுத்தாயின் பக்கத்து ஊர் மாணவன் ஒருவனுடைய அண்ணனின் சிநேகிதன். பெயர் தெரியவில்லை. திருப்பூர்ப் பக்கம் யாருக்கோ ரூம் கட்டிக் கொடுக்கிறானாம். ரிங் போகிறது, எடுக்கவில்லை. பதினொரு தடவை.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் நாலு தடவை. சாப்பிட்டுவிட்டு மூன்று தடவை. என்னால் உட்கார முடியவில்லை. செண்பகம், "தெரியாத நம்பர்னு எடுக்காம இருப்பாரு மாமா" என்றாள். எடுக்காமல் இருப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும்.

நாலு இருபதுக்கு எடுத்தான்.

"யாருங்க அது, சும்மா சும்மா அடிச்சுக்கிட்டு. வேலையில இருக்கேன்."

பின்னால் சுவரில் துளை போடும் மெஷின் சத்தம் கேட்டது. நான் மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த முன்னுரை ஒன்று இருந்தது. அது தேவைப்படவில்லை.

"தம்பி, உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பேரு சிங்கராஜ், சாத்தூர்ல வயரிங் வாத்தியார். நான் உங்களுக்கு ஒண்ணத் தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்கேன். கையில இருக்கிறதக் கீழ வச்சிட்டு அதக் கேளுங்க."

மெஷின் சத்தம் நின்றது.

"சொல்லுங்க சார்" என்றான்.